மறு: செலவு-பயன் வேண்டாம், பாடு-பலன்னு வைக்கலாமா?

> செலவு-பயன் பகுப்பாய்வுன்னு பொருளியல்ல ஏற்கனவே இருக்கு, மூளைக்கும் அதையே வச்சிரலாம்.

ஐயா, ஒரு காரியத்தோட கஷ்டத்தையும் பலனையும் மூளை எடைபோட்டு முடிவு பண்ணுதே, அதுக்குத் தமிழ்ல பேர் தேடறோம், அங்க செலவு-பயன் பகுப்பாய்வு எனக்கு உறுத்துது. பகுப்பாய்வுன்னா உக்காந்து கணக்குப் போடறது, மூளை பெரும்பாலும் அப்படிப் பண்றதில்ல. அதவிட முக்கியம், செலவுன்னதும் காசுதான் ஞாபகம் வரும், ஆனா நரம்பியல்காரங்க அதுல உழைப்பு, காத்திருப்பு, ரிஸ்க் எல்லாத்தையும் சேக்கறாங்க. 2002ல வந்த எலி ஆய்வு ஒண்ணு, டி வடிவப் பாதைல ஒரு பக்கம் நிறைய தீனி ஆனா தடுப்பு ஏறித் தாண்டணும், இன்னொரு பக்கம் கொஞ்சம்தான், சும்மா நடந்து போய் எடுத்துக்கலாம். நல்லா இருக்கற எலி பெரும்பாலும் ஏறிடுது. மூளையோட முன்பகுதில நடுக்கோட்ட ஒட்டின பக்கத்த சேதப்படுத்தின எலி சுலபமான பக்கமே போகுது. ஏற முடியாம இல்ல, ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சா மறுபடி நிறைய இருக்கற பக்கமே ஏறுது! கெட்டது காலு இல்ல, இவ்வளவு கஷ்டப்படறது தகுமாங்கற கணக்கு. டோபமைன (மூளைல சேதி கடத்தற ஒரு ரசாயனம்) தடுத்த எலிகளும் ஏறக்குறைய இப்படித்தான், சாப்பாடு வேணும், ஆனா அதுக்காக மெனக்கெடாது.

பட்ட பாட்டுக்குப் பலன் உண்டான்னுதானே நாம கேப்போம்? அதான் பாடு-பலன் எடைபோடல். குறள் 461ல "அழிவதூஉம் ஆவதூஉம்" (அழியறதும் கிடைக்கறதும்) இதே விஷயம்தான், ஆனா அதுல ஆராய்ந்துங்கற அர்த்தத்துல வர்ற "சூழ்ந்து"லேருந்து சொல் கட்டினா இன்னிக்கு சதித்திட்டம்னு நெனப்பாங்க :)

---

தம்பி, பாடு-பலன் பிடிச்சிருக்கு. ஆனா உழைப்பு கூடக்கூட பலனோட மதிப்பு மனசுல குறையுதே, அதுக்கும் பாடுங்கற இதே வேர்ல போனா, தள்ளுபடிங்கற அர்த்தத்துல பாட்டுக் கழிவுன்னு வரும், கச்சேரி மிச்சம் மாதிரி இருக்கு. அப்புறம் எடைபோடலுக்குப் பதிலா சீர்தூக்கல்?

---

ஹாஹா, அது நான் யோசிக்கல ஐயா. உழைப்புத் தேய்வு, காத்திருப்புத் தேய்வுன்னு வச்சா? மதிப்பு தேயுதுன்னு சட்டுனு புரியும், காத்திருப்புல ஆரம்பத்துல சடசடன்னு, போகப்போக மெதுவா தேயறதுக்கும் சரியா வருது.

சீர்தூக்கல் மட்டும் வேண்டாமே. ஒரு பக்கம் சாயாம நிறுத்தாதான் அது சீர்தூக்கல். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லயே காட்டினது, அதே அளவு லாபத்தவிட இழப்பு நமக்குக் கனமா தெரியுது, பின்னாடி அவங்க போட்ட கணக்குல சுமார் ரெண்டு மடங்கு. தராசே சாஞ்சு கெடக்கு, அதுக்குப் போய் சீர்னு பேரா? எடைபோடலே இருக்கட்டும். தேய்வுக்கு யாருக்காச்சும் ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா விக்சனரில ஏத்திடறேன்.