இடப்பக்கம் இழுத்த ட்ரைக்

போன அக்டோபரில் பழைய ட்ரைக் ஒன்று வாங்கினேன். துணிச் சிறகின் கீழே எஞ்சின் வைத்த மூன்று சக்கர வண்டி தொங்கும் சின்ன விமானம் அது. இரண்டு இருக்கை, ரோட்டாக்ஸ் 582 எஞ்சின், 64 குதிரைத்திறன். விற்றவர் சிறகை மடித்து நீளமான உறைக்குள் போட்டுக் கொடுத்தார். டெக்ஸஸில் நான் பறக்கும் புல் ஓடுதளத்துக்கு டிரெய்லரில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

சிறகைக் கட்டுவது கூடாரம் போடுவது மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். எங்கே! துணிக்குள் செருகும் அலுமினியக் கம்பிகளை பேட்டன் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு உண்டு, சிறகின் உருவமே அதில்தான் இருக்கிறது. முழு அளவில் வரைந்த காகிதம் ஒன்று கூடவே வரும். பேட்டனை அதன்மேல் வைத்து, கோட்டோடு ஒட்டிப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான் பக்கத்துக்கு ஒன்று பார்த்துவிட்டு, மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று செருகிவிட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது, பசி வேறு.

ஹேங் போல்ட்டை மட்டும் நாலு தடவை பார்த்தேன். சிறகிலிருந்து வண்டி தொங்குவது அதில்தான். இங்கே அதற்கு ஏசு போல்ட் என்று பட்டப்பெயர். அது போனால் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

மறுநாள் விடியற்காலை காற்றே இல்லை, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை துவண்டு தொங்கியது. தரையில் ஓட்டும்போது வலது காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சைக்கிள் ஹேண்டில்பாரைக் காலால் திருப்புகிறோம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து முழு திராட்டில் கொடுத்தேன். பின்னால் பயிற்சியாளரின் எடை இல்லாததால் வண்டி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் துள்ளி எழுந்தது.

ஆயிரம் அடியில் பாரின் மேல், அதாவது சிறகைச் சாய்க்கக் கையில் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் மேல், பிடியைத் தளர்த்தினேன். இடது சிறகு மெல்லத் தாழ்ந்தது. பாரை இடப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் போகிறது (ட்ரைக்கில் பாரை இடப்பக்கம் தள்ளினால் நம் எடை வலப்பக்கம் போகும்). எஞ்சின் இழுக்கிறதோ என்று திராட்டிலை முழுக்கக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் இடதுதான். அப்படியானால் கோளாறு சிறகில். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன், தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

இந்தத் தடவை எல்லா பேட்டனையும் உருவிக் காகிதத்தில் வைத்தேன். இடது முனையிலிருந்து மூன்றாவது, நடுவில் தட்டையாகிக் கிடந்தது. கோட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போனது. வளைவு குறைந்தால் அந்தப் பக்கம் தூக்கலும் குறையும், வேறென்ன நடக்கும்? விற்றவர்மேல் கோபம் வந்தது. ஆனால் முந்தின நாள் காகிதத்தைச் சுருட்டி வைத்தவன் நான்தானே. முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, திரும்பத் திரும்ப ஒப்பிட்டதில் அரை மணி நேரம் ஆனது.

அடுத்த காலையில் பாரை விட்டுவிட்டுக் கையைத் தொடையில் வைத்தேன். நேராகப் போனது. முழு திராட்டிலில் மட்டும் இன்னும் லேசாகச் சாய்கிறது. அது எஞ்சின் முறுக்கால் வருவது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.