முதலாண்டு பிஎஸ்சி மின்சுற்று: இணையத்தில் உருப்படியாக என்ன இருக்கிறது?

கரும்பலகை:
கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன், பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். மின்சுற்றுக் கணக்குக்கான கிர்க்காஃப் விதியைப் பிசிறில்லாமல் எழுதுகிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். போன வாரம் சும்மா ஒன்று கேட்டேன். மூன்று பல்பு தொடரிணைப்பில் எரிகிறது, மூன்றாவதின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கம்பியை வைத்தால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? நாற்பது பேரில் ஐந்தாறு பேர்தான் பிரகாசமாகும் என்றார்கள், அதிலும் இரண்டு பேர் பக்கத்து பெஞ்சைப் பார்த்து. வீடியோ பாடம் போட்டால் பின்வரிசை தூங்குகிறது. வேறு என்ன செய்யலாம்?

குவாண்டம்குருவி:
ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தளத்தைப் பாருங்கள். நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002ல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு சுற்று கட்டலாம், காசு கிடையாது, மொபைலிலும் ஓடும், சில சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. ஆனால் நீங்களே முன்னால் நின்று ஓட்டிக் காட்டினால் அதுவும் இன்னொரு வீடியோதான். என்ன ஆகும் என்று முதலில் நோட்டில் எழுத வையுங்கள், அப்புறம் கம்பியை மாட்டுங்கள். தப்பாக எழுதிய பையன் "ஏன் சார்?" என்று கேட்காமல் விடமாட்டான்.

பழையசாக்பீஸ்:
உங்கள் பசங்க மட்டும் கோட்டைவிடவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஜூர் கிட்டத்தட்ட இதே பல்பு கேள்வியைக் கேட்டார், சிக்கலான சுற்றுக்குச் சமன்பாடு எழுதியவர்களே பலர் இதில் விழுந்தார்கள். 1991லிருந்து அவர் விரிவுரையை நடுவில் நிறுத்தி, தனித்தனியாக விடை வாங்கி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி விடை கேட்க ஆரம்பித்தார். கருவியெல்லாம் வேண்டாம், ஏ பி சி டி எழுதிய நாலு அட்டை போதும். இந்த மாதிரி வினாத்தொகுப்புகளுக்கு ஃபிஸ்போர்ட் (PhysPort) என்ற தளம் இருக்கிறது, அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்துடையது. ஆசிரியர்தான் என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். வாங்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தொலைக்காதீர்கள், பசங்க கைக்குப் போனால் அதன் கதை முடிந்தது.

பிப்பெட்:
வேதியியல்காரன் குறுக்கே வருகிறேன். 2008ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கெம்விக்கி என்று ஆரம்பித்த இலவச இணையப் பாடநூல் தளம் இப்போது லிப்ரெடெக்ஸ்ட்ஸ் (LibreTexts) ஆகியிருக்கிறது, அத்தியாயங்களை நம் சிலபஸுக்குத் தகுந்த மாதிரி அடுக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம்தான், கலைச்சொற்களுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி ஒட்டிவிடுகிறேன். மெய்நிகர் ஆய்வகத்தை மட்டும் நிஜ லேபுக்கு முந்தின நாள் பார்ப்பதோடு நிறுத்துங்கள். சொட்டுச் சொட்டாகக் கரைசல் விடும் ப்யூரெட்டின் திருகை ஒரு நூல் அதிகம் திருப்பியதும் குடுவை முழுக்க ரோஸ் கலராகிப் போகிறதே, அந்தக் கடுப்பு மவுஸில் வராது.

கரும்பலகை:
நன்றி. காலண்டர் அட்டையை வெட்டி இன்றே செய்தேன். முதல் சுற்றில் பாதிக்கு மேல் "மூன்றும் அணையும்". ஐந்து நிமிடம் கத்தினார்கள், பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது. அடுத்த சுற்றில் முக்கால்வாசி சரி. ஒரே கேள்வியில் பீரியட் போய்விட்டது, இரண்டாம் யூனிட் அப்படியே கிடக்கிறது. தமிழில் இப்படி எழுதி வைத்த ஆறு கேள்வி என்னிடம் இருக்கிறது. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.