விதையிலிருந்து உருளைக்கிழங்கு: ஏக்கருக்கு எத்தனை நாற்று?

தளி மேட்டுநிலம்:
உருளை போட ஏக்கருக்கு 800 கிலோவுக்குக் குறையாமல் விதைக்கிழங்கு வேண்டும். பஞ்சாபிலிருந்து வரும் லாரிக்குக் காத்திருக்கிறோம். நீலகிரியில் 1961-இல் உருளையின் வேரைத் தாக்கி மண்ணோடு பரவும் முட்டைக்கூடு நூற்புழு தெரியவந்த பிறகு அங்கிருந்து விதைக்கிழங்கு கொண்டுவரவும் வழியில்லை. ஆனால் உருளைச் செடியில் காய்க்கும் பச்சைக் காயின் விதை ஒரு எக்டேருக்கே 100 முதல் 150 கிராம் போதும். வைரஸும் அதில் இறங்காது. திரிபுராவில் இப்படிப் பயிர் செய்கிறார்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் நாமும் இறங்க வேண்டும். வழக்கம்போல வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் இடைவெளியிலேயே நாற்று நடலாம் என்பது என் எண்ணம்.

ஓசூர் மண்டி:
இதை ஏற்க முடியாது அண்ணா. வைரஸ் பெரும்பாலும் இறங்காது, சரி. ஆனால் கதிர்க்கிழங்கு வைராய்டு என்று வைரஸை விடச் சின்ன நோய்க்கிருமி ஒன்று விதை வழியாகவும் வரும். அப்புறம், விதைக்கிழங்கு போட்டு வளர்க்கும் குஃப்ரி ஜோதி ரகத்தில் கிழங்கெல்லாம் ஒரே சாயல். விதை நாற்றில் செடிக்குச் செடி குணம் மாறும். ஒன்று உருண்டை, ஒன்று நீளம். மண்டியில் தரம் பிரிக்கும்போது விலை அங்கேயே விழும். நாற்றங்காலில் நிற்கும் ஒரு மாதத்தையும் சேருங்கள். மழைக்காலத்தில் பின்பருவ இலைக்கருகல் வந்தால், இளம் நாற்று எத்தனை நாள் தாங்கும்?

ராயக்கோட்டை நாற்றுப்பண்ணை:
இருவருமே இடைவெளியைச் செடிக் கணக்கில் பார்க்கிறீர்கள். உருளையில் எண்ண வேண்டியது தண்டை. விதைக்கிழங்கு ஒன்றிலிருந்து மூன்று நான்கு தண்டு மண்ணுக்குள்ளிருந்து தனித்தனியாகக் கிளம்பும். 60க்கு 20-இல் சதுர மீட்டருக்கு 8 குழி என்றால், 25 தண்டு நிற்கும். நாற்றுக்கு ஒரே தண்டு. அதே இடைவெளியில் நட்டால் 8 தண்டுதான். இலை பாரை மூடாது, களை ஏறும், விளைச்சல் சரியும். 50க்கு 10-இல் நட்டால் 20 தண்டு கிடைக்கும். ஏக்கருக்கு 80,000 நாற்று. அதற்கு மேல் நெருக்கினால் எண்ணிக்கை கூடும், எல்லாம் பொடிக் கிழங்காகிவிடும்.

ஓசூர் மண்டி:
என் வாதமே இதுதான்! 98 குழி உள்ள நாற்றுத் தட்டில் வளர்த்தால் 800 தட்டுக்கு மேல் ஆகிறது. தக்காளிக்கே நடவு ஆள் கிடைக்காத ஊரில் 80,000 நாற்றை யார் நடுவது?

பாலக்கோடு:
எங்கள் பக்கம் இதை வளர்க்க முடியுமா?

ராயக்கோட்டை நாற்றுப்பண்ணை:
கஷ்டம். 25 டிகிரிக்கு மேல் போனால் இந்த விதை சரியாக முளைக்காது. கிழங்கு கட்டவும் இரவு குளிர வேண்டும். தளி மேட்டில் ஐப்பசிக்குப் பிறகு சரியாக இருக்கும்.

மண்டி அண்ணன் சொல்லும் கூலிக் கணக்கு நியாயம்தான். அதனால் வயலில் நடவே வேண்டாம் என்கிறேன். மேட்டுப்பாத்தியில் தொழுவுரம் கலந்து, 25க்கு 4 சென்டிமீட்டரில் சதுர மீட்டருக்கு 100 செடி நிறுத்துங்கள். இங்கே பொடிக் கிழங்குதான் நமக்கு வேண்டும். அதுவே அடுத்த பருவத்து விதைக்கிழங்கு. புது விதை என்றால் உறக்கம் கலையாது, அதாவது உடனே முளைக்காது; ஜிப்ரலிக் அமிலம் என்ற பயிர் ஊக்கிக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து விதையுங்கள். விதை கடுகை விடச் சின்னது, மண்ணை மேலாகத் தூவினால் போதும். இரண்டு வாரம் பூவாளி தவிர வேறு தண்ணீர் கூடாது. செடி உயர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள், இல்லையென்றால் மேல் கிழங்கு பச்சையாகிவிடும்.

தளி மேட்டுநிலம்:
அப்படியானால் முதல் வருஷம் பாத்தி, மறு வருஷம்தான் வயல். லாரியை நம்பாமல் விதை கையில் இருக்குமென்றால் ஒரு வருஷம் பொறுக்கலாம். கார்த்திகையில் ஒரு பாத்தி போடுகிறேன்.

ஓசூர் மண்டி:
போடுங்கள் அண்ணா. கோடையில் அந்தக் கிழங்குக்குக் குளிர்கிடங்கில் இடம் இப்போதே பேசி வையுங்கள். வெளியே வைத்தால் சுருங்கிவிடும். எடுக்கும்போது கோலிக்குண்டு அளவை ஒரு பக்கம், எலுமிச்சை அளவை ஒரு பக்கம் பிரியுங்கள். சின்னதில் தண்டு குறைவு, அதை நெருக்கி நட வேண்டும். சாயல் கலவைக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை.