வணிகத் தளத்துக்கு ஹோஸ்டிங் எடுத்த அனுபவங்கள்: வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

சொந்தத் தொழிலுக்குத் தளம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எந்த ஹோஸ்டிங் (தளத்தைத் தன் சர்வரில் வைத்துக் காட்டும் சேவை) நல்லது, மாதம் எவ்வளவு ஆகும் என்பதுதான். சிறு நிறுவனங்களின் தளங்களைப் பராமரிப்பது என் தொழில். அதிலும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்ட தளத்தை இன்னோரிடத்துக்கு மாற்றிக் கொடுக்கிற வேலைதான் அதிகம் வருகிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது வேறு. இவர்களோடு ஒத்துவரவில்லை என்றால் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்), கோப்புகள், தரவுத்தளம், மெயில் எல்லாவற்றையும் யாரிடமும் கெஞ்சாமல் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா? முடியாதென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். வேகமும் விலையும் அப்புறம்.

இந்த உறுதி வந்தது உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு நடந்ததைப் பார்த்துத்தான். ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம் என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் இருந்திருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அங்கே வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயிலுக்குப் போயிருக்கின்றன. ஒருநாள் காலையில் தளம் போயிற்று, அதே பெயரில் இருந்த மெயிலும் சேர்ந்து போயிற்று, வாடிக்கையாளர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லக்கூட வழியில்லை. டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டித் திரும்ப எடுக்கலாம். ஆனால் அந்த உரிமை பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். தன் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் தன்னுடையதுதான் என்று அந்த முதலாளி ஆவணம் ஆவணமாகக் கொடுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்துவிட்டது, ஆனால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆகவே டொமைனை ஹோஸ்டிங்கோடு சேர்க்காமல் தனியாக ஒரு பதிவாளரிடம், அதாவது டொமைன் பெயர் பதிந்து தரும் நிறுவனத்திடம், உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்க வேண்டாம், டொமைன் விழுந்துவிட்டால் பாஸ்வேர்ட் மீட்கும் மெயிலும் வந்து சேராது. ஹோஸ்டிங்கை மாற்ற டொமைனையும் மாற்ற வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை, அந்தப் பெயருக்கான தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றினாலே போதும். பதிவாளரையே மாற்றுவதானால்தான் கவனம் வேண்டும், புதிதாகப் பதிந்த பெயரையும் சமீபத்தில் இடம் மாறிய பெயரையும் வழக்கமாக 60 நாளுக்கு நகர்த்த விடமாட்டார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நான் ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களைப் படுத்தி எடுத்தது அன்லிமிடெட் திட்டம். இடத்துக்கு வரம்பில்லை, டிராஃபிக்குக்கு வரம்பில்லை என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். விதிமுறைப் பக்கத்தில் எங்கோ கீழே ஐநோடு வரம்பு இருந்தது, அதாவது மொத்தம் எத்தனை கோப்புகள் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கை. தயாரான பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேச் எழுதுகிற ஒவ்வொரு துண்டும் அதில் சேரும், மெயில்பெட்டியில் கிடக்கிற ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்புதான். ஓர் அளவைத் தாண்டியதும் எங்கள் கணக்கைத் தினசரி பேக்கப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். விதிமுறையில் அதுவும் எழுதியிருந்தது, சரி, ஆனால் எங்களுக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அப்புறம் தள்ளுபடி அறிவித்த அன்று கூட்டம் வந்ததும் 508 பிழை, ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு. இடம் ஏராளமாகக் காலியாக இருந்தது, தீர்ந்துபோனது ஒரே நேரத்தில் சர்வரில் ஓடக்கூடிய வேலைகளின், அதாவது பிராசஸ்களின் வரம்பு. தகவல் மட்டும் காட்டுகிற தளமாக இருந்தால் பக்கங்களை கேச் செய்து சமாளித்துவிடலாம். கார்ட் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் அப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொருவருக்கும் சர்வர் புதிதாகத் தயாரித்துத்தான் அனுப்பியாக வேண்டும், அதனால் வாங்க வருகிறவர்கள் அதிகமாகும் நாளில்தான் தளம் விழும். எத்தனை சிபியு கோர், எவ்வளவு ரேம், ஒரே சமயத்தில் எத்தனை பிராசஸ், எத்தனை ஐநோடு என்று கேளுங்கள். எழுத்தில் எண்ணாகப் பதில் தருகிறவர்களிடம் மட்டும் நான் மேலே பேசுவேன். இப்போது மேனேஜ்டு விபிஎஸ்ஸில் இருக்கிறோம், அதாவது நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர், பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. மேனேஜ் செய்யாத விபிஎஸ் விலை குறைவுதான், ஆனால் பாதுகாப்பு அப்டேட் போடுவதிலிருந்து எல்லாம் நம் தலையில், அதற்கு எங்களிடம் ஆள் இல்லை.

* * *

விலை அப்புறம் என்று முதல் நண்பர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. முதல் தவணைக்குப் போடுகிற விலை ஆள் சேர்க்கிற விலை. ரினியூவலில் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது சாதாரணம், அந்த எண் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அதோடு தளத்தையும் மெயிலையும் நிர்வகிக்கும் மென்பொருளான கன்ட்ரோல் பேனலின் விலையும் நம் தலையில் வந்து விழும். 2019இல் சி-பேனல் என்ற பேனல் தன் உரிமக் கட்டணத்தை சர்வருக்கு இவ்வளவு என்பதிலிருந்து பயனர் கணக்குகளின் எண்ணிக்கைக்கு மாற்றியபோது பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் விலையை ஏற்றின, சில டைரக்ட்அட்மின் என்ற வேறு பேனலுக்குத் தாவின. நம் நிறுவனம் எந்த பேனலில் இருக்கிறது, அதிலிருந்து முழு பேக்கப்பை இறக்கி வேறு இடத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்பதும் விலை பேசுவதில் சேர்த்திதான். நீங்கள் சொல்கிற வெளியே போகும் வழி இதுவும்தானே.

* * *

பேக்கப் பற்றி யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று பார்த்தேன், நானே எழுதிவிடுகிறேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச்கிளவுடு என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுவதும் அழிந்தது, எஸ்பிஜி1இல் ஒரு பகுதி போயிற்று. தளமும் பேக்கப்பும் அழிந்த கட்டடத்திலேயே இருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரில் சிக்கியது, அங்கே பேக்கப் சர்வர்களும் சேர்ந்தே முடங்கின, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு போய்விட்டதாக அவர்களே அறிவித்தார்கள். முன்னது நெருப்பு, பின்னது மிரட்டல், ஆனால் இரண்டிலும் தப்பித்தது வேறு நிறுவனத்தில், வேறு கடவுச்சொல்லில் சொந்தமாகப் பிரதி வைத்திருந்தவர்கள்.

அந்தச் செய்திகளைப் படித்ததிலிருந்து எங்கள் தளத்தின் கோப்புகளும் தரவுத்தளமும் தினமும் இரவு வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகின்றன. ஹோஸ்டிங் சர்வருக்கு அங்கே எழுத மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை. மாதம் ஒருமுறை அதை எடுத்து ஒரு வெற்று சர்வரில் ஏற்றித் தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை தரவுத்தளக் கோப்பு பாதியிலேயே நின்றிருந்தது அப்படித்தான் தெரியவந்தது, பார்க்க ஒழுங்காக இருந்த கோப்பு அது. ஹோஸ்டிங் தருகிற பேக்கப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைத் திரும்ப ஏற்றித் தரக் கட்டணம் உண்டா, எத்தனை நாள் பழைய பிரதி கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

* * *

அண்ணா, மெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் வைத்திருந்தோம், அதே ஐபி முகவரியில் இருந்த வேறு யாரோ ஸ்பேம் அனுப்ப, எங்கள் இன்வாய்ஸ்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. பணம் தாமதமான பிறகுதான் காரணமே தெரிந்தது. இப்போது மெயில் தனிச் சேவையில், மெயில் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் போட்டாயிற்று. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹுவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. மெயில் பிரிந்திருப்பதால் ஹோஸ்டிங்கை மாற்றும்போது மெயில்பெட்டிகளைத் தொட வேண்டியதே இல்லை.

அப்டைம், அதாவது தளம் இயங்கும் நேரம், 99.9 சதவீதம் என்று போட்டிருந்தால் அது மாதத்துக்கு 43 நிமிடம் தளம் விழலாம் என்ற கணக்கு. அதைத் தாண்டினாலும் பெரும்பாலும் அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைத்தான் கழித்துத் தருவார்கள், நாம் இழந்த விற்பனைக்கு ஈடு கிடையாது. ஆகவே நான் சப்போர்ட்டைத்தான் சோதிக்கிறேன். வாங்கும் முன்பே, விடுமுறை நாள் நடு இரவில், தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பழைய பதிப்பை எப்போது நிறுத்துவீர்கள் என்ற மாதிரி ஒரு தொழில்நுட்பக் கேள்வியை அனுப்பிப் பாருங்கள். விற்பனைப் பிரிவின் தயார்ப் பதில் வருகிறதா, விஷயம் தெரிந்த ஆள் பேசுகிறாரா என்பது உடனே தெரிந்துவிடும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ரினியூவல் விலை விஷயத்தில் நண்பர் சொன்னது நியாயம், இனிமேல் நானும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பரிந்துரைப்பேன். தனிச்செய்தியில் சிலர் மாற்றும்போது தளம் நிற்குமா என்று கேட்டிருந்தார்கள். மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) டிடிஎல்லை, அதாவது பழைய பதில் நினைவில் வைக்கப்படும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் உட்பட எல்லாப் பதிவுகளையும் நகல் எடுத்து வையுங்கள், மெயில் தொலைவது பெரும்பாலும் இதை விட்டுவிடுவதால்தான். புதிய சர்வரில் தளத்தை ஏற்றி, உங்கள் கணினிக்கு மட்டும் புதிய சர்வர் தெரியும்படி அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியைப் போட்டு, ஒரு ஆர்டர் முழுவதும் செய்து பாருங்கள். சரியாக இருந்தால், ஆர்டர் குறைவாக வரும் நேரம் பார்த்துப் பழைய தளத்தில் ஆர்டரை நிறுத்தி, தரவுத்தளத்தைக் கடைசியாக ஒருமுறை கொண்டுவந்துவிட்டு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழைய கணக்கை உடனே மூட வேண்டாம், ஒரு மாதமாவது இருக்கட்டும், விட்டுப்போன மெயிலும் கோப்பும் அங்கேதான் கிடைக்கும்.