மறு: 'உயர் வரையறை' வேண்டாம், நுண்புள்ளி, மீநுண்புள்ளி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நிகழ்படக் கருவிகளில் (வீடியோ கேமராக்களில்) காணும் 'ஹை டெஃபனிஷன்' (எச்.டி.), அதைவிட நுணுக்கமான 'அல்ட்ரா எச்.டி.' ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் குழு உரையாடலுக்கு இது என் மறுமொழி. 'ஹை டெஃபனிஷன்' என்பதற்கு 'உயர் வரையறை' என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. வரையறை என்றால் இலக்கணம், எல்லை. படத்தின் நுணுக்கத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குழுவில் அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த 'உயர்தெளிவு' காதுக்கு இனிமைதான். ஆனால் நிகழ்படக் கருவி வாங்கப் போகிறவர், அல்ட்ரா எச்.டி.க்கு 'மீயுயர்தெளிவு' என்று பெட்டியில் கண்டால் எந்த வெளிச்சத்திலும் அதுவே தெளிவாகப் பிடிக்கும் என்றுதானே நினைப்பார்?

உண்மையில் மாறுவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் (பிக்சல்களின்) எண்ணிக்கை. முழு எச்.டி. 1920 × 1080, ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். அல்ட்ரா எச்.டி. 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம். அதே படம் நான்கு மடங்கு பொடியாக நறுக்கப்படுகிறது. ஆகவே எச்.டி.க்கு 'நுண்புள்ளி', அல்ட்ரா எச்.டி.க்கு 'மீநுண்புள்ளி'. மீயொலி, மீக்கடத்தி என்று அறிவியலில் வேரூன்றிய 'மீ' இங்கும் பொருந்தும்.

இந்தச் சொல் ஆதாயத்தோடு அதற்காக நாம் இழப்பதையும் சொல்லிவிடுகிறது. உணரியின் (கருவிக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லின்) பரப்பு மாறாமல் புள்ளிகள் மட்டும் பெருகினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும்; அதன் பங்குக்கு விழும் ஒளியும் குறையும். விளக்கு மங்கிய கூடத்தில் எடுத்த படத்தின் கருமையான பகுதிகளை உற்றுப் பாருங்கள், மணல் தூவியதுபோல் பொடிப்பொடியான இரைச்சல் ('நாய்ஸ்') தெரியும்.

2014இல் சோனி ஒரே அளவான 1 அங்குல உணரியோடு இரண்டு கருவிகளை வெளியிட்டது. எச்.டி.ஆர்-சி.எக்ஸ்.900 நுண்புள்ளி மட்டுமே பதியும்; எஃப்.டி.ஆர்-ஏ.எக்ஸ்.100 மீநுண்புள்ளியும் பதியும். ஆனால் மீநுண்புள்ளியில் நொடிக்கு 30 படங்கள்தான், நுண்புள்ளியில் 60. ஓடியாடும் குழந்தையை எடுக்க நான் 60 படங்களையே தேர்வேன். மேடை நிகழ்ச்சியை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஆள் எடுப்பதாக இருந்தால் தயங்காமல் மீநுண்புள்ளி. படச்சட்டத்தின் கால்பகுதியைப் பின்னர் வெட்டியெடுத்தாலும் அது முழு நுண்புள்ளிப் படமாகவே நிற்கும். நடனமணியின் முகத்தை அருகில் கொண்டுவர இன்னொரு கருவி வேண்டியதில்லை. சேமிப்பிடத்தையும் எண்ணிப் பாருங்கள்: நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட்.

அல்ட்ரா எச்.டி.யை '4கே' என்றும் அழைப்பதால், 'நான்காயிரப் படம்' என்று குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்ததில் எனக்குத் தயக்கம் உண்டு. திரைத்துறையின் 4கே 4096 புள்ளி அகலம். வீட்டுக் கருவியுடையது 3840. ஒரே பெயர் இரண்டையும் குழப்பும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டுப் பரிந்துரை 7680 × 4320ஐயும் அல்ட்ரா எச்.டி. குடும்பத்திலேயே வைக்கிறது. அதற்கு 'இரண்டாம்படி மீநுண்புள்ளி' எனலாமா, வேறு முன்னொட்டு தேடலாமா? இதில் எனக்கு முடிவான கருத்து இல்லை. இயற்பியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்