கறிவேப்பிலைப் புழுவின் கண்கள்: பார்த்தவர்கள் பகிருங்கள்

ஈசூன்:
வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பச்சைப் புழுவைக் கண்டதும் நசுக்கிவிடாதீர்கள். சிறு வயதில் அது பறவை எச்சம் போலவே இலையில் ஒட்டிக்கிடக்கும். கடைசி முறை தோலுரித்த பிறகுதான் பச்சை நிறம் வரும். முன்முதுகில் இரண்டு கண்களும் தெரியும். எங்கள் வீட்டுச் செடியில் என் மகள் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டாள். முன்னுடல் சட்டென்று உப்பியது. தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று இரட்டைக் கொம்பு நீண்டது. நெடி மூக்கில் ஏறியது. எறும்பையும் சிலந்தியையும் விரட்டத்தான் அந்த நெடி.

மிரட்டிய அந்த இரண்டும் கண்களே அல்ல, மார்புத் தோலில் உள்ள நிறப்புள்ளிகள். உண்மையான கண்கள் கீழே, உள்ளிழுத்துக்கொண்ட சிறிய தலையில் பக்கத்துக்கு ஆறாக இருக்கின்றன. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிய பிறகே அந்தக் கறும்புள்ளிகள் எங்களுக்குப் பிடிபட்டன. வெளிச்சம், நிழல், மங்கலான உருவம், இவ்வளவே அவற்றுக்குத் தெரியும். கூட்டிலிருந்து வந்தது கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை: அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ். இலை போனால் துளிர்க்கும், விட்டுவிடுங்கள்.

பாசிர் ரிஸ்:
எங்கள் புளோக்கின் கீழே நந்தியாவட்டையில் விரல் பருமனில் ஒரு புழு. தலையை உள்ளிழுத்ததும் இரண்டு நீலக் கண்கள் விரிந்தன. அரளியிலும் வரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அவையும் பொய்க்கண்கள்தாம் அக்கா.

புக்கிட் பாத்தோக்:
நான் பார்த்தது மெய்க்கண். காட்டோரம் குடியிருப்பதால் மழை விட்ட இரவுகளில் சில்வண்டுகள் தாழ்வார விளக்குக்கு வந்து விழும். ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில், பல நுண்கண்கள் சேர்ந்த இரண்டு பெரிய கூட்டுக்கண்கள். அவற்றின் நடுவே, உச்சியில், முக்கோணமாக மூன்று சிவந்த மணிகள். மாணிக்கம் பதித்தது போன்ற பளபளப்பு! அவை தனிக்கண்கள். உருவத்தைத் தெளிவாகக் காட்டாது. ஆனால் வானத்தின் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று உடனே உணர்த்தும், பறக்கும்போது உடல் சாயாமல் இருக்க உதவும். தேனீ, குளவி, தும்பி எல்லாவற்றுக்கும் இந்த மூன்றும் உண்டு. எறும்பில்தான் அதிசயம்: பெரும்பாலான இனங்களில் சிறகு முளைத்த ராணிக்கு மூன்றும் இருக்கும், நடந்தே திரியும் வேலைக்கார எறும்புக்கு இருக்காது.