மூன்று லட்சம் ரூபாய்க்கு அமைதி: ஏசி அறையா, மரத்தடியா?

பேரவைச்_செயலர்
நெடுஞ்சாலை ஓரப் பொறியியல் கல்லூரி. 12 ஏக்கர், சுமார் 2,400 பேர், பாதிக்கு மேல் விடுதி. மன அழுத்தம் தணிய ஓர் இடம் அமைக்க நிர்வாகம் 3 லட்சம் ஒதுக்க முன்வந்திருக்கிறது. இரண்டு யோசனைகள் மேசையில். ஒன்று, தரைத்தளத்தில் 12க்கு 12 அடி அறையை ஏசி போட்டு 'அமைதி அறை' ஆக்குவது. மற்றொன்று, நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் மரம், பெஞ்ச். எது நிற்கும், எது ஆறு மாதத்தில் பழைய நாற்காலி போடும் கிடங்காகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புங்கமரத்தடி
மரத்தடி. யோசிக்கவே வேண்டாம். கல்லூரி வயதினர் இயற்கைச் சூழலில் 10 முதல் 50 நிமிடம் சும்மா உட்கார்ந்தாலோ நடந்தாலோ மனநிலையில் நல்ல மாற்றம் தெரிகிறது என்று கார்னெல் ஆய்வாளர்கள் 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்தில் 365 ஏக்கருக்குப் போனது. அங்கே இன்றைக்கும் யாரும் 'ரிலாக்ஸ் ரூம் எங்கே' என்று கேட்கத் தேவையில்லை. ஏசி அறைக்கு மாதாமாதம் கரண்ட் பில், வருடத்துக்கு இரண்டு சர்வீஸ். புங்கனுக்கு முதல் இரண்டு வருடம் தண்ணீர், அவ்வளவுதான்.

செங்கல்_சிமெண்ட்
365 ஏக்கரையும் 12 ஏக்கரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் நண்பரே. நெடுஞ்சாலை ஓரம் என்று அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி பகலில் 50 டெசிபல், இரவில் 40. லாரி ஓடும் சாலையோரத்தில் அது காகிதத்தில் மட்டும்தான்.

மரம் நட்டால் சத்தம் குறையும் என்பது பலர் நம்பும் தப்பு. பத்து மீட்டர் அகலத்துக்குச் செடி வளர்த்தாலும் ஒன்றிரண்டு டெசிபல்தான் குறையும். சாலை ஒரு நீளக்கோடு, புள்ளி அல்ல. எனவே தூரத்தை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் இறங்கும். சாலையைக் கண்ணில் படாமல் மறைக்கும் கெட்டிச் சுவர் இருந்தால் 5 முதல் 10 வரை கிடைக்கும். அறைக்குத்தான் அந்தச் சுவர் நான்கு பக்கமும் இருக்கிறது.

புங்கமரத்தடி
சுவர் வேண்டுமென்றால் நூலகக் கட்டடமே இருக்கிறதே! சாலைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அது நின்றால் போதும். இலை சத்தத்தைத் தடுக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன் சலசலப்பால் அதைக் கொஞ்சம் அமுக்கும். அரச இலைக்குக் காம்பு நீளம், லேசான காற்றுக்கே சலசலக்கும். சாலை இரைச்சல் காதில் உறுத்துவது சற்றுக் குறையும்.

செங்கல்_சிமெண்ட்
அரசமரத்தைக் கட்டடத்தை ஒட்டி நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து அஸ்திவார விரிசலுக்கு டெண்டர் விடுங்கள்.

புங்கமரத்தடி
கட்டடத்தை ஒட்டி நடு என்று எவன் சொன்னான்? பக்கத்தில் புங்கன், தள்ளி அரசு. மே மாத வெயிலில் குல்மோகர் சிவப்பாய்ப் பூக்கும், போட்டோவுக்கு நன்றாயிருக்கும். ஆனால் வேர் மேலாகப் படரும், 2016 வர்தா புயலில் சென்னையில் அந்த ஜாதி எத்தனை சாய்ந்தது என்று ஊரே பார்த்தது. தூங்குமூஞ்சி மரம் நிழலுக்கு ராஜா, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கிளையை முறித்துப் போடும், பெஞ்சுக்கு மேல் வேண்டாம். ஏழிலைப்பாலை ஐப்பசி வாக்கில் பூக்கும்போது அந்த வாடைக்கே சிலருக்குத் தலைவலி வரும். தலைவலி தீர வருகிற இடத்தில் அது எதற்கு? மாமரம் என்றால் முசுறு எறும்பு. புங்கன் வெயில் உச்சத்துக்கு வருமுன்பே புதுத்தளிர் விட்டுவிடும்.

3 அடி நீள அகல ஆழத்தில் குழி, 6 முதல் 8 அடி உயரக் கன்று. நிழல் விழ நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை 75 சதவீதப் பச்சை நிழல்வலையை 9 அடி உயரத்தில் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று அதைப் பாய்மரம் ஆக்கிக் கம்பியோடு பிடுங்கும்.

செங்கல்_சிமெண்ட்
இதில் சண்டை இல்லை. ஆனால் 'நூலகத்துக்குப் பின்னால்' என்றால் எந்தத் திசை? வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் விழும். கட்டடத்தின் கிழக்குப் பக்கம்தான் வருடம் முழுக்க மதியத்துக்கு மேல் நிழலில் இருக்கும். கடற்கரை மாவட்டமானால் மதியத்துக்கு மேல் கடல்காற்றும் அதே பக்கம். மேற்குச் சுவரை ஒட்டிப் பெஞ்ச் போட்டால் மாலை 4 மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், தோசைக்கல்தான். ஜெனரேட்டர் எங்கே என்றும் பாருங்கள். மூடிய ஜெனரேட்டரே 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை போடலாம் என்பது விதி.

விடுதி_எண்_47
ரெண்டு பேரும் சுவரையும் மரத்தையும் பேசுறீங்க. உட்காரப்போறவங்களைப் பற்றி? மரத்தடி பொதுவா அஞ்சாறு பசங்க கூட்டமா உட்கார்ந்த பிறகு பொண்ணுங்களுக்கு இல்லைன்னு ஆயிடும். தனியா உட்கார்ந்தா செக்யூரிட்டி விசில். கூட ஒரு பையன் இருந்தா ஐடி கார்டைப் பிடுங்கி வீட்டுக்கு ஃபோன். ஆறு மணிக்கு மேல் விடுதிக் கதவு மூடிடும். மரம் நல்லாத்தான் இருக்கும், எங்களுக்கு ஜன்னல் வழியாப் பார்க்க.

புங்கமரத்தடி
அது மரத்தின் குற்றமில்லை, தங்கச்சி.

விடுதி_எண்_47
தங்கச்சியெல்லாம் வேண்டாம், பதில் சொல்லுங்க.

புங்கமரத்தடி
சரிங்க, பதில். ஒரே வட்ட மேடை போடாதீர்கள், அதுதான் கூட்டத்தைக் கூட்டும். இருவர் மட்டும் உட்காரும் பெஞ்ச் ஆறு, ஒன்றுக்கொன்று 15 அடியாவது இடைவெளி, ஒன்றையொன்று பார்க்காதபடி. முதுகுக்குப் பின்னால் சுவர் அல்லது புதர். முதுகு திறந்திருந்தால் யாருக்கும் மனம் அடங்காது. புதர் 3 அடிக்கு மேல் வளரக்கூடாது. உட்கார்ந்தால் மறைவு, நின்றால் நடைபாதை தெரியும். கேமரா நடைபாதையைப் பார்க்கட்டும், பெஞ்சை அல்ல. ஆறு மணிக் கதவுக்கு மரத்தில் மருந்தில்லை. பெண்கள் விடுதி மதிலுக்குள்ளேயே இரண்டு பெஞ்ச் போட வேண்டும்.

செங்கல்_சிமெண்ட்
அறை என்றால் இந்தச் சிக்கல்களில் பாதி வராது.

கேட்கும்_காது
கல்லூரி ஆலோசகராகப் பணிபுரிபவள் என்ற முறையில்: வேறு சிக்கல் வரும் சார். அறை வாசலில் ஒரு நோட்டு வைப்பார்கள். பெயர், துறை, வந்த காரணம். அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கு வேண்டுமானால் தாளில் ஒரு கோடு போடச் சொன்னால் போதும். ஆலோசகர் அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், 'அவளுக்கு ஏதோ பிரச்சினை' என்று வராந்தா முழுக்கப் பேசும். நூலகத்துக்கு அருகே, தரைத்தளம். உள்ளிருந்து மட்டும் பூட்டும் தாழ்ப்பாள் கூடாது, வெளியிலிருந்தும் திறக்க வழி இருக்க வேண்டும். நூலகமே போதாதா என்பார்கள். அங்கே படிக்கலாம், அழ முடியாது.

இன்னொன்று. அறை கட்டியதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைக்கக்கூடும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. 3 லட்சத்தைக் காட்டி அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அறையிலும் பெஞ்சிலும் எழுதுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

செங்கல்_சிமெண்ட்
நோட்டு விஷயம் சரி. என் அறையில் நானே சொல்லும் குறை வேறு: மூச்சு. ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுழற்றும், புதுக்காற்று கொண்டுவராது. 12க்கு 12, உயரம் 10 அடி என்றால் சுமார் 41 கன மீட்டர். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். ஐந்து பேர், அரைமணி நேரம், இடுக்கில்லாத அறை: கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) தொடங்கி 1,600க்கு மேல் போகும். தூக்கம் வரும், தலை கனக்கும், 'நல்லா ரிலாக்ஸ் ஆச்சு' என்று நினைப்பார்கள்.

மணிக்கு 180 கன மீட்டர் காற்று மாறினால் 1,000க்குள் நிற்கும். 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனே தாங்கும். ஆனால் காற்று உள்ளே வர வழி வேண்டுமே என்று கதவின் அடியில் 1 அங்குலம் வெட்டுவார்கள். 7 அடிக் கதவில் அது பரப்பில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அந்த ஒன்று திறந்திருந்தாலே எவ்வளவு கனமான கதவும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. வராந்தா பேச்சு முழுக்க உள்ளே. எனவே கதவை ரப்பர் பட்டையால் அடைத்து, காற்றை எதிர்ச்சுவர் ஜன்னலில், சத்தமில்லாத பக்கத்திலிருந்து எடுங்கள்.

புங்கமரத்தடி
இவ்வளவு பாடுபட்டு அறைக்குள் கொண்டுவரும் காற்று வெளியில் இலவசம் :)

செங்கல்_சிமெண்ட்
கொசுவும் இலவசம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலம் இருட்டுமுன்பும்தான் உக்கிரம். பிள்ளைகள் வெளியே வருவதும் அப்போதுதான்.

புங்கமரத்தடி
தொட்டித் தட்டு, அலங்காரக் குளம், உடைந்த பக்கெட் இல்லையென்றால் பாதி தீர்ந்தது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும், எனவே வாரம் ஒருமுறை நிச்சயம் கவிழ்க்க வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் செய்யவே வேண்டாம்.

சைரன்
எல்லாம் படித்தேன். இடைவேளை எத்தனை நிமிடம் என்று யாருமே கேட்கவில்லை. 10 நிமிடம். 300 மீட்டர் தள்ளிப் பெஞ்ச் போட்டால் போக 4, வர 4, உட்கார 2. மேலே சொன்ன ஆய்வுப்படியே 10 நிமிடம் உட்கார வேண்டும். அறையானாலும் மரமானாலும் வகுப்பிலிருந்து 150 மீட்டருக்குள் இல்லாவிட்டால் பகலில் பயனில்லை, இருந்தாலும் இடைவேளை 15 ஆக வேண்டும். அதற்கு 3 லட்சம் வேண்டாம், டைம்டேபிள் போடுபவரின் ஒரு கையெழுத்து போதும்.

செங்கல்_சிமெண்ட்
அந்தக் கையெழுத்து வாங்குவது ஏசி வாங்குவதைவிடக் கஷ்டம்.

கேட்கும்_காது
பல கல்லூரிகளில் மாலை 'ஸ்டடி ஹவர்' கட்டாயம். அதில் அரைமணி விட்டாலும் போதும்.

பேரவைச்_செயலர்
நூலகத்தின் பின்பக்கம் கிழக்குதான், திசைகாட்டி வைத்துப் பார்த்தாயிற்று. முதன்மைக் கட்டடத்திலிருந்து 130 மீட்டர். ஜெனரேட்டர் எதிர்மூலையில். ஆறு இருவர் பெஞ்ச், நிழல்வலை, நான்கு புங்கன், விடுதி மதிலுக்குள் இரண்டு பெஞ்ச் என்று எழுதப்போகிறேன். மீதிப் பணத்தில் ஏசி இல்லாமல் ஃபேன், எக்ஸாஸ்ட் மட்டும் வைத்து அறையையும் கேட்கலாமா?

செங்கல்_சிமெண்ட்
மே மாதம் ஏசி இல்லாத தரைத்தள அறையா? மேலே ஒரு மாடி இருந்தால் சரி. மொட்டைமாடிக்கு நேர் கீழே என்றால் வேண்டாம். மரத்தை முதலில் வைப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. மழை பெய்யும் மூன்று மாதம் எங்கே போவார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

விடுதி_எண்_47
அறை சாவி யார்கிட்ட இருக்கும்னு முதல்ல எழுதுங்க. வார்டன்கிட்டன்னா அந்த வரியையே அடிச்சிடுங்க.